திராட்சை ரசமும் நான் வச்ச ரசமும்

நேத்து எனக்கு ஒரே ஒரு வேலைதான். கோவில்பட்டி மெடிக்கல்ல தலைவலி மாத்திரை வாங்கணும். பசுவந்தனை பஸ்ல மாமியார் வந்து இறங்குறதுக்குள்ள வீடு திரும்பணும்.

தலைவலி எங்க வீட்டுக்காரவுகளுக்கு. கப்பல்ல வேலை பார்க்குற சிநேகிதர் கொடுத்த சிவப்பு ஒயின். ரெண்டே கிளாஸ்!

போன கோயில் கொடையிலதான் அத்தை முன்னால சூடத்தை அணைச்சு, இனி குடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுனாக. தெரிஞ்சா அத்தை பச்சைத்தண்ணி பல்லுல படாமக் கிடப்பாக.

"அது சரக்கு இல்லட்டி, வெறும் திராட்சை ரசம்"னு போர்வைக்குள்ள இருந்து முனகல் வேற.

மெடிக்கல் அண்ணாச்சிகிட்ட நானும் கௌரவமா, "திராட்சை ரசம் குடிச்சாக, மண்டை வலிக்குதாம்"னேன்.

அவரு சிரிச்சாரு. "என்ன கலரு தங்கச்சி?"

"சிவப்பு. பாட்டில்ல கேபர்நேன்னு என்னமோ போட்டிருக்கு."

"அதான பார்த்தேன்! அது ஒரு திராட்சை சாதி. அதோட தோல்ல குவெர்செட்டின்னு ஒண்ணு இருக்கு. வெயில் கூடப் பட்டா அதுவும் கூடுமாம். சாராயத்தை ஈரல் ரெண்டு தவணையா முறிக்கும். இது ரெண்டாவது தவணைய மறிச்சிருதுன்னு சொல்லுதாக. பாதி முறிஞ்ச விஷம் ரத்தத்துல சுத்துனா தலை வலிக்காம?"

"அப்ப நம்ம ஊரு வெயில்ல அந்தத் திராட்சை விளைஞ்சா?"

"ஊரே படுத்துரும்."

புதுசா ஒண்ணு தெரிஞ்சுட்டா எனக்கு வாய் நிக்காதே! "ஓஹோ, ரசத்துலதான் கோளாறா! ரெண்டு கிளாஸ் ரசத்துக்கே மனுசன் காலையில இருந்து எந்திரிக்கல அண்ணாச்சி!"ன்னு கடை அதிரச் சொன்னேன்.

"எந்த ரசம்ட்டி?"

பின்னால அத்தை! கையில மஞ்சப்பை. முந்துன பஸ்ஸுலயே வந்து இறங்கி, என் குரலைக் கேட்டுக் கடைக்கு வந்துட்டாகளாம்.

அண்ணாச்சி சட்டுனு அந்தப் பக்கம் திரும்பி மருந்துப் பெட்டிய அடுக்க ஆரம்பிச்சுட்டாரு.

"நான்... நான் வச்ச ரசம்தான் அத்தை."

"அடிப்பாவி! எம்புள்ள படுக்கையில விழுற மாதிரி அப்படி என்னத்தட்டி போட்ட?"

"புளி கொஞ்சம் பழசு."

வீட்டுக்கு வந்ததும் அத்தை தன் மகன் நெத்தியத் தடவி, "ரசமாய்யா குடிச்ச?"ன்னு கேட்டாக.

இவுக என்னைய ஒரு பார்வை பார்த்துட்டு, "ஆமாம்மா. குடிக்கையில நல்லாத்தான் இருந்துச்சு. விடிஞ்ச பெறகுதான் வேலையக் காட்டுது"ங்காக!

சத்தியம் தப்பிச்சுது. சாயங்காலமே இவுக தலைவலியும் போயிருச்சு.

எனக்கு வந்த தலைவலி, ரசம் வைக்கச் சொல்லிக் கொடுத்துட்டு ஞாயித்துக்கிழமைதான் ஊருக்குப் போவாகளாம்.