கொக்கத்தடியார் விழுந்த செய்தி

மொன்றியலில் முப்பது வருடம் பனியைத் திட்டாமல் வாழ்ந்த ஒரே தமிழர் கொக்கத்தடியார்தான். அவருடைய இரண்டு பனிக்காலங்களை ஒரே ஒரு தொலைபேசி அழைப்பால் நான் கெடுத்தேன். இனியும் அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார், ஒரே மகள் ரொறன்ரோவில். ஓய்வு பெற்ற நாங்கள் எல்லோரும் புளோரிடாவுக்கு ரிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருக்க, அவர் உறைந்த அருவியில் ஏறப் பழக்கும் வகுப்பில் சேர்ந்தார். மாங்காய் பறிக்கும் கொக்கத்தடி மாதிரி வளைந்த இரண்டு பனிக்கோடரிகளோடு பஸ்ஸில் வந்து இறங்கிய அன்றே அந்தப் பெயர் விழுந்தது. வைத்தவனும் நானே.

புதுக் காரைக் கொண்டுபோவது போல, கோடரிகளைக் கோயிலுக்குக் கொண்டுபோனார். ஐயர் எட்ட நின்றபடியே குங்குமம் வைத்தார். தேங்காயையும் கோடரியாலேயே உடைக்கட்டோ என்று இவர் கேட்டதாகக் கேள்வி. பிறகு வீட்டுச் சுவரை உதைத்து உதைத்துப் பழகினார். சண்டைக்கு வந்த பக்கத்து வீட்டு மதாமுக்கு இடியப்பம் கொடுத்து, ஏறும் முறையையும் விளக்கி அனுப்பினார். எனக்கு லிஃப்டில் பாடம் நடந்தது.

“கையால தொங்கிறேல்லை ஐசே, காலாலதான் ஏறவேணும். குதிக்காலைத் தூக்கினீரெண்டால் சப்பாத்து முள்ளுக் கழண்டிடும். பேந்து கயிறுதான் காவல்.”

மாசியில் ஒரு சனிக்கிழமை, படம் எடுக்க வாரும் என்று உறைந்த அருவிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பயிற்சி கொடுத்த பெண் என்னையும் ஏறிப் பார்க்கச் சொன்னாள். முள்ளுச் சப்பாத்தும் தலைக்கவசமும் மாட்டிவிட்டார்கள். ஒரு முழம் ஏறியதும் கயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இறக்கிவிடச் சொல்லிக் கத்தினேன். தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்குவது போல அவள் என்னை இறக்கினாள். கொக்கத்தடியார் கைதட்டி, “முதல் நாளுக்கு அது காணும்” என்றார். அந்த இரக்கம்தான் என்னைச் சுட்டது.

அடுத்து அவர் இரண்டு மாடி உயரம் ஏறினார். கால் வழுக்கியது. கயிறு பிடித்துக்கொள்ள, அந்தரத்தில் ஆடிக்கொண்டே சிரித்தார். நான் ஒதுங்கிப்போய் அவருடைய மகளுக்கு போன் எடுத்தேன்.

“பிள்ளை, அப்பா மேலையிருந்து விழுந்திட்டார்.”

கயிற்றைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. இப்ப கதைக்க ஏலாது என்று வைத்துவிட்டேன்.

அவர் இறங்கித் தேநீர் ஊற்றுவதற்குள், செய்தி லண்டனில் அவருடைய இடுப்பை முறித்து, பாரிஸில் நினைவிழக்கச் செய்து, யாழ்ப்பாணத்தில் அவருடைய தமக்கையை அழவைத்திருந்தது. பாரிஸ் மச்சான் கொக்கத்தடியாரின் போனுக்கே எடுத்து, கிரியை எப்ப என்று கேட்டார்.

மறுநாள் மகள் காரில் வந்தாள். “உங்களுக்கு ஒண்டு நடந்தா எனக்கு ஆர் இருக்கினம் அப்பா?” என்று அழுதாள். அவர் கோடரிகளை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

அதன்பின் இரண்டு பனிக்காலம் எங்களோடு கடைத்தொகுதி வாங்கில் குந்தியிருந்து கொலஸ்ட்ரோலைப் பற்றிக் கதைத்தார். அந்த மனிதரைக் கொலஸ்ட்ரோல் கதைக்க வைத்த பாவம் என்னுடையது.

இந்த மார்கழியில் மகளுக்கு எடுத்து, நடந்ததையும் என் பொறாமையையும் சொன்னேன். பிறகு மாடிக்குப் போய் அவரிடமும் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார். மகளிடமிருந்து கோடரிகள் திரும்பி வந்தன; அவர் என் பக்கம் வரவில்லை. என்னைக் கண்டால் லிஃப்டை விட்டுப் படியால் இறங்கினார்.

பொங்கல் கழிந்து ஒரு காலை போன் அடித்தது.

“ஐசே, உம்மட சப்பாத்து என்ன அளவு?”

அவர் ஏறும்போது கீழே நின்று கயிறு பிடிக்கக் கற்றுக்கொண்டேன். இரண்டு பனிக்காலம் ஏறாமல் இருந்ததில் அவருடைய வலத் தோள் இறுகிப்போய்விட்டது. முன்பு ஏறியதில் பாதிதான் ஏறுகிறார். அதற்கு என்னிடம் பரிகாரம் இல்லை. போன சனிக்கிழமை அருவியின் நடுவில் நின்று, கீழே பாராமலே கேட்டார்:

“நிக்கிறீரோ?”

“நிக்கிறன்” என்றேன். அவர் அடுத்த காலை வைத்தார். கழுத்து நோக நோக நான் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றேன்.