சுடுகாட்டில் சிவப்புச் சேலை

அந்த அறையை விட்டுக்கொடுப்பதில்லை என்று சண்முகவேல் முடிவெடுத்தபோது அவன் கையில் ஒரு அரக்கனின் தலை இருந்தது. சுண்டுவிரல் நகம் அளவுத் தலை. அதன் இடது கண்ணுக்குப் பிரஷ்ஷால் வெள்ளை வைத்துக்கொண்டிருந்தான். மூச்சு விட்டால் கண் மூக்குக்கு வந்துவிடும். அந்த நேரம் பார்த்து அவன் மனைவி தீபிகா வாசலில் வந்து நின்றாள்.

“என்னங்க, இசக்கியம்மாள் சித்திக்குக் கண் ஆபரேஷன். இங்கதான் பண்ணப்போறாங்க. ஒரு மாசம் நம்மகூட இருப்பாங்க.”

“தாராளமா இருக்கட்டும். ஹால் காலியாத்தானே கிடக்கு?”

“ஹால்ல எப்படிங்க? இந்த ரூமை ஒழிச்சுக் குடுங்க.”

கை நழுவியது. அரக்கனுக்கு மூக்கில் பார்வை வந்தது.

சண்முகவேலுக்கு தி.நகரில் அண்ணனோடு சேர்ந்து ரவிக்கைத் துணிக் கடை. மயிலாப்பூரில் வீடு. கடையில் அண்ணன் சொல்வதுதான் சட்டம், வீட்டில் தீபிகா சொல்வதுதான் சட்டம். அவன் ராஜாவாக இருந்தது இந்த ஒரே அறையில்தான். மேசை முழுக்க ஒரு பாழூர் கட்டியிருந்தான். தெர்மோகோலில் மலை, கடற்கரை மணலைச் சலித்து ஒட்டிய பாதை, காய்ந்த டீத்தூளில் சருகு, சாய்ந்த கல்லறைகளோடு சுடுகாடு, ஒரு கிணறு, கூரை பாதி இடிந்த ஒரு வீடு. அதில் கட்டைவிரல் உயரத்துக்கு எலும்புக்கூட்டுப் படையும் அரக்கர் படையும். ஞாயிற்றுக்கிழமை அடையாறு கீர்த்தியும் நண்பர்களும் வந்து பகடை உருட்டிப் போர் நடத்துவார்கள்.

பொம்மை என்று சொன்னால் அவனுக்கு ஆகாது. மினியேச்சர் என்று சொல்ல வேண்டும். “மினி ஏச்சுதானே? என்கிட்ட முழு ஏச்சே கிடைக்கும்” என்பாள் தீபிகா. கடைக்கு ஆரி வேலை டிசைன் வரைந்து தருகிறவள் அவள். ஒருமுறை ஆசையாக பிரஷ்ஷை எடுத்தபோது, “இதெல்லாம் உனக்கு வராது, வச்சிடு” என்று பிடுங்கிக்கொண்டான்.

சரி, சித்தியை எப்படித் தடுப்பது? சண்டை போட்டுப் பார்க்கலாம். போட்டு இதுவரை ஜெயித்ததில்லை. ஆனால் தீபிகா நாங்குநேரிப் பக்கம் வளர்ந்தவள். உச்சி வேளையில் புளியமரத்தடிக்குப் போகாதே என்று சொல்லிச் சொல்லியே சோறு ஊட்டியிருக்கிறார்கள். பேய் இருக்கிற அறையில் யார் சித்தியைப் படுக்க வைப்பார்கள்?

மறுநாள் கடைக்குக் கிளம்பும் முன் எலும்புப் படை மொத்தத்தையும் வாசல் பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தான். சாயங்காலம் வந்து, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவளைக் கூப்பிட்டான்.

“நீ இதைத் தொட்டியா?”

“நான் ஏன் தொடப்போறேன்? எனக்குத்தான் வராதே.”

“அப்ப எப்படி எல்லாம் திரும்பிச்சு?”

“ஃபேன் காத்தா இருக்கும்.”

“ஃபேன் காத்துல எல்லாமே வாசலைப் பாக்குமா? எனக்கென்னவோ சரியாப் படல தீபி.”

அவள் குனிந்து எலும்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி வாசலைப் பார்த்தாள்.

“யாரோ வர்றாங்கபோல” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் சொன்ன விதம் அவனுக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த நாள் காலை எலும்புகளை இன்னும் கொஞ்சம் நகர்த்தலாம் என்று கதவைத் திறந்தான். சுடுகாட்டு ஓரத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

கட்டைவிரல் உயரம். சிவப்புச் சேலை. அவிழ்ந்த கூந்தல் இடுப்புவரை. முதுகைக் காட்டி நின்றாள். சேலை மடிப்பு ஒவ்வொன்றிலும் மயிரிழை ஜரிகை ஓடியது. அவன் படையில் கவசம் போட்டவர்கள் உண்டு, தோல் உரிந்தவர்கள் உண்டு. சேலை கட்டியவள் கிடையாது. அப்படி ஒரு ஜரிகை அவன் கைக்கு எந்த ஜென்மத்திலும் வராது.

முகத்தைப் பார்க்கலாம் என்று விரலை நீட்டித் தொட்டான். பிசுபிசுத்தது. விரல் நுனியில் சிவப்பு.

கீர்த்திக்குப் போன் போட்டான். “டேய், சேலை கட்டின மினியேச்சர் எதாவது என் மேசைல வச்சியா?”

“இன்னாண்ணா காலைலயே? நம்ம செட்டுல சேலை கட்டின ஆளே கிடையாதே.” கொஞ்சம் நிறுத்தி, “எந்தப் பக்கம் பாத்துக்கினு நிக்கிறா?” என்று கேட்டான் கீர்த்தி.

“ஏன்டா கேக்கறே?”

“சும்மாதாண்ணா” என்று வைத்துவிட்டான்.

அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். மறுநாள் திறந்தபோது அவள் கிணற்றடியில் நின்றாள். அதற்கு மறுநாள் இடிந்த வீட்டின் படியில். எந்தப் பக்கம் போய்ப் பார்த்தாலும் அவள் முகம் சுவரிலோ நிழலிலோ புதைந்திருந்தது. அதைவிட மோசம் எலும்புப் படை. வாசலைப் பார்க்க அவன் வைத்த எலும்புகள் இப்போது எல்லாம் வேறு பக்கம் திரும்பியிருந்தன. அவள் இருக்கும் பக்கத்தைப் பார்க்க ஒன்றுக்கும் துணிச்சல் இல்லை.

கடையில் மீட்டர் மீட்டராகச் சிவப்புத் துணியைக் கிழிக்கும்போது அவனுக்கு வியர்த்தது. “என்னடா, காய்ச்சலா? வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படு” என்று அண்ணன் அனுப்பிவைத்தான்.

வந்தபோது உச்சி வெயில். கோயிலுக்குப் போய்விட்டுக் காய்கறி வாங்கி வருவதாகத் தீபிகா போனில் சொல்லியிருந்தாள். வீடு அப்படியே அடங்கிக் கிடந்தது. வெளியே புறா ஒன்று தொண்டைக்குள் முனகியது. செருப்பைக் கழற்றும்போது கேட்டது.

டிங். டிங். டிங்.

பூட்டிய அறைக்குள்ளிருந்து. கண்ணாடி டம்ளரில் பிரஷ்ஷை அலசும் சத்தம். அந்தச் சத்தத்தை அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? தினமும் அவன் போடுகிற சத்தம்.

சாவி துவாரத்தில் நுழைய மறுத்தது. தலைகீழாகப் பிடித்திருந்தான். திறந்தான். உள்ளே யாரும் இல்லை. டம்ளரில் தண்ணீர் மட்டும் இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. சிவப்பாக.

படியில் அவள் இல்லை. கிணற்றடியில் இல்லை. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு இடிந்த வீட்டின் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தான்.

உள்ளே ஒரு குட்டி மேசை. மேசைமுன் நாற்காலியில், கட்டம் போட்ட லுங்கியில் ஒரு ஆள் குனிந்து உட்கார்ந்திருந்தான். உச்சந்தலையில் வழுக்கை. சண்முகவேலின் கை தானாகத் தன் உச்சந்தலைக்குப் போனது. அந்த ஆளுக்குப் பின்னால், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, சிவப்புச் சேலை நின்றது. முதல்முறையாக இந்தப் பக்கம் திரும்பி.

முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. வழவழவென்று வெள்ளை.

அவன் பிடரியில் யாரோ மூச்சு விட்டார்கள்.

“என்னங்க.”

அவன் போட்ட அலறலில் புறா பறந்துவிட்டது. காய்கறிப் பையோடு தீபிகா நின்றுகொண்டிருந்தாள்.

“தீபி! சித்தியை நாளைக்கே வரச்சொல்லு. ரூமை எடுத்துக்கங்க. இந்தா சாவி.”

“உங்க மேசை, பெயிண்ட்டு எல்லாம்?”

“எதையும் தொடமாட்டேன். தொட்டா கூடவே வந்துடும். அன்னிக்கு எலும்பைத் திருப்பி வச்சது நான்தான் தீபி. சித்தி வரக்கூடாதுன்னு. அதான் அவளுக்குக் கோவம்.”

“அப்படியா செஞ்சீங்க?” என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் சமையலறைக்கு ஓடினாள். தோள் குலுங்கியது. பாவம், பயந்து அழுகிறாள் என்று அவன் நினைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹாலில் எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தான். கீர்த்தியும் நண்பர்களும் வந்தார்கள். “வணக்கம்ணா” என்று சொல்லிவிட்டு நேரே அந்த அறைக்குள் போனார்கள்.

“டேய், உள்ள போகாதீங்கடா!”

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டே போய் எட்டிப் பார்த்தான். அவன் நாற்காலியில், அவன் விளக்கடியில், அவனுடைய ஆக மெல்லிய பிரஷ்ஷோடு தீபிகா உட்கார்ந்திருந்தாள்.

“சித்தி எங்க?” என்றான்.

“சித்திக்குப் பாளையங்கோட்டையிலயே ஆபரேஷன் முடிஞ்சுதே. சொல்லலையா?”

“சொல்லல.”

“நீங்க எலும்பு திருப்பறதுல மும்முரமா இருந்தீங்க. ஏன் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டேன்.”

“அந்தச் சேலைக்காரி?”

“கீர்த்திதான் பெயிண்ட் அடிக்காத ரெண்டு ஆளைக் குடுத்தான். சேலையும் லுங்கியும் நான் கட்டிவிட்டேன். ஜரிகை உங்க பிரஷ்ல வரல, ஆரி ஊசியால தொட்டு வச்சேன்.”

“ரூமைப் பூட்டியிருந்தேனே!”

“வாசலைப் பூட்டினீங்க. சமையல்கட்டு பால்கனி வழியா உள்ள வர்ற கதவை யாரு பூட்டினா?”

“அண்ணி கை இன்னா கைண்ணா!” என்றான் கீர்த்தி. “இனிமே எங்க எல்லார் படைக்கும் அண்ணிதான் பெயிண்ட்டு. ரூமும் இப்ப அண்ணிதுதானாமே?”

சண்முகவேலுக்குத் திறந்த வாய் மூடவில்லை. கண் இரண்டும் பிதுங்கின. நெற்றியில் வியர்வை வழிந்தது. தீபிகா தலையை நிமிர்த்தி அவனை உற்றுப் பார்த்தாள். கையிலிருந்த புதுச் சிப்பாயைப் பார்த்தாள். பிரஷ்ஷை வெள்ளையில் தொட்டாள்.

“அப்படியே அசையாம நில்லுங்க. இவனுக்குப் பேயறைஞ்ச மூஞ்சி வேணும்னு கேட்டிருக்காங்க.”