கோடு எழுதுறவன் கோட்டைத் தாண்டின கதை

இன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. ஒரு கிலோ இறால் வாங்கிட்டு வரணும்.

காலைல எட்டரை மணி. பத்து மணிக்கு ஆபீஸ் மீட்டிங். ஏரி வீட்டுக்குப் பின்னாலயே இருக்கு. இதுல தப்பு நடக்க என்ன இருக்குன்னுதான் நானும் நினைச்சேன்.

புதுசா வந்தவங்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. நான் சென்னையில ஒரு ஐ.டி. கம்பெனியில குப்பை கொட்டுறவன். சொந்த ஊர் திருச்சி பக்கம். மனைவி கவிதாவுக்குப் பழவேற்காடு ஏரிக்கரையில, சுண்ணாம்புக்குளத்துக்குப் பக்கத்துல ஒரு குப்பம். ஏரியில கொஞ்சம் தள்ளிப் போனா ஆந்திரா.

ஏழாம் மாசம் வளைகாப்பு முடிஞ்சு அவளை அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. பின்னாலயே லேப்டாப்பைத் தூக்கிட்டு நானும் வந்துட்டேன். வளைகாப்பு முடிஞ்சு பொண்ணு வர்றதுதான் வழக்கம், மாப்பிள்ளையும் கூடவே வந்தது இந்தக் குப்பத்துல இதுதான் முதல் தடவையாம். சிரிச்சா சிரிக்கட்டும். இப்ப எட்டாம் மாசம். குழந்தை பிறக்குற வரைக்கும் அவ பக்கத்துலயே இருக்கணும்னு எனக்கு அவ்வளவு ஆசை.

கம்பெனி சும்மா விடுமா? "வீட்டுல இருந்து வேலை பாருங்க, ஆனா தமிழ்நாட்டைத் தாண்டக் கூடாது"ன்னு ஒரு நிபந்தனை. வேற மாநிலத்துல உட்கார்ந்து வேலை பார்த்தா வரி, இன்சூரன்ஸ், தொழிலாளர் சட்டம்னு என்னென்னமோ சிக்கல் வருமாம். அதுக்காக என் போன்ல ஒரு ஆப். நான் எங்க இருக்கேன்னு கால் மணிக்கு ஒரு தடவை ஆபீஸுக்குப் போட்டுக் கொடுக்கும்.

தொழில்நுட்பம், சட்டம் ரெண்டுலயும் எனக்குக் கருத்து கொஞ்சம் ஜாஸ்தின்னு உங்களுக்குத் தெரியும். "படிச்சுப் பார்க்காம 'சம்மதம்' அமுக்காதீங்க"ன்னு நான் போட்ட பதிவை உங்கள்ல பாதிப் பேர் ஷேர் பண்ணியிருக்கீங்க. அதனால ஹெச்.ஆர். மேடத்துக்கு ரெண்டு பக்கம் மெயில் தட்டினேன். ஊழியர் உரிமை, தகவல் பாதுகாப்பு, சட்டப் பிரிவுன்னு ஒண்ணு விடலை. ஊர்ல தங்க என்ன காரணம்னு அவங்க கேட்டிருந்தாங்க. "அது என் அந்தரங்கம். சொல்லணும்னு சட்டப்படி எந்த அவசியமும் இல்லை"ன்னு எழுதினேன். அந்த வரியை மட்டும் தடிச்ச எழுத்துல போட்டேன்.

அவங்க பதில் ஒரே வரி: "ஆப் இன்ஸ்டால் பண்ணிட்டீங்களா?"

பண்ணினேன். பதினெட்டுப் பக்கம் நிபந்தனை வந்துச்சு. கட்டைவிரலால ஒரே தள்ளு. அடியில 'சம்மதம்' இருந்துச்சு, அமுக்கிட்டேன். மீட்டிங்குக்கு நேரமாச்சுங்க, என்ன பண்றது.

இன்னொண்ணும் சொல்லிடுறேன். வந்த புதுசுல மாமனார் கேட்டாரு, "மாப்ள, கம்பெனில இன்னா வேலை?"

"கோடு எழுதுறேன் மாமா."

அவர் ரொம்ப மரியாதையா தலையாட்டினாரு. மறுநாளே குப்பம் முழுக்க, "படகுக்காரர் மருமவன் கோடு போடுறவரு"ன்னு பேச்சு. வேலித் தகராறுன்னு ரெண்டு குடும்பம் டேப்போட வந்து நின்னுச்சு. அது கம்ப்யூட்டர்ல எழுதுற வேற கோடுன்னு விளக்கிப் பார்த்தேன். "பரவால்ல, அந்தக் கோட்டையே போடு"ன்னாங்க.

சரி, இறாலுக்கு வருவோம்.

கவிதா நாலு நாளா இறால் தொக்கு கேட்டுக்கிட்டு இருந்தா. கரைக்குப் போனா மொத்தத்தையும் வியாபாரி அள்ளிட்டுப் போயிட்டாரு. மாமனார் படகுல உட்கார்ந்து வலையைப் பிரிச்சுக்கிட்டு இருந்தாரு.

"கன்னியம்மா ஏரிக்குள்ள கையாலயே இறாலு புடிச்சிக்கினு கீது பாரு. அத்தாண்ட கேளு. இடுப்பளவு தண்ணிதான், நடந்தே போலாம்."

கைலியை மடிச்சுக் கட்டினேன். இறாலுக்குக் கொண்டு வந்த பிளாஸ்டிக் பையில போனைப் போட்டு, அதைத் தலையில வச்சு, மேல துண்டைச் சுத்திக் கட்டினேன். எங்க டீம்லயே இவ்வளவு பாதுகாப்பான ஏற்பாட்டை யாரும் பண்ணியிருக்க மாட்டாங்க.

கன்னியம்மா அக்கா குனிஞ்சு ரெண்டு கையாலயும் சேத்தைத் தடவித் தடவி இறால் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க. கை ரெண்டும் தண்ணிக்குள்ள இருக்கிறதால, பனையோலைப் பறியோட கயிறை வாயில கடிச்சிருந்தாங்க. பிடிக்கப் பிடிக்க அந்தப் பறிக்குள்ள போடணும்.

"அக்கா, இறால் கிடைக்குமா?"

"ம்ம்."

"ஒரு கிலோ?"

"ம்ம்ம்."

மூணாவது 'ம்'முக்குப் 'பின்னால வா'ன்னு அர்த்தம் எடுத்துக்கிட்டு நடந்தேன். அவங்க தடவிக்கிட்டே போறாங்க, நான் பின்னால போறேன். காத்து நல்லா இருந்துச்சு. சேறு கணுக்காலைப் பிடிச்சுப் பிடிச்சு விட்டுச்சு. வேலை செய்யுற இடம்னா இப்படி இருக்கணும்னு ஒரு பதிவுகூட மனசுக்குள்ள எழுத ஆரம்பிச்சேன்.

அப்ப என் தலையில மணி அடிச்சது.

துண்டை அவிழ்த்துப் போனை எடுத்தா திரை முழுக்கச் சிவப்பு. 'நீங்கள் அனுமதிக்கப்பட்ட மாநிலத்துக்கு வெளியே இருக்கிறீர்கள்.' படிச்சு முடிக்கிறதுக்குள்ள ஹெச்.ஆர். மேடமே கூப்பிட்டுட்டாங்க. சம்பளச் சீட்டுல பேர் தப்பா இருக்குன்னு நான் எழுதின மெயிலுக்கு இன்னும் பதில் வரலை. இதுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகலை. ஈரக்கை பட்டு போன் ஸ்பீக்கர்ல போயிடுச்சு.

"சார், நீங்க ஆந்திராவுல இருக்கீங்க."

"இல்லைங்க மேடம், ஏரியில இருக்கேன்."

"எந்த மாநிலத்து ஏரி?"

வாழ்க்கையில இந்தக் கேள்வியை யாரும் என்கிட்ட கேட்டதில்லை.

"மேடம், மெஷின் தப்பாக் காட்டுது. இந்தத் தொழில்ல இருக்குற எனக்குத் தெரியாதா? பக்கத்து மாநில டவரைப் பிடிச்சிருக்கும்."

"அப்படின்னா ஆதாரம் குடுங்க சார். ஊர்ப்பேர் தெரியுற மாதிரி ஒரு போட்டோ. பத்து மணிக்குள்ள வரலைன்னா உங்க அனுமதி தானா ரத்தாகிடும். நாளைக்குக் காலைல நீங்க ஆபீஸ்ல இருக்கணும்."

நாளைக்கு ஆபீஸ்னா அப்புறம் லீவு கிடைக்காது. இங்க கவிதாவுக்கு வலி வரும்போது நான் அங்க ஏதாவது மீட்டிங்ல 'ஆமாங்க, ஆமாங்க'ன்னு தலையாட்டிக்கிட்டு இருப்பேன். ஏரி நடுவுல ஊர்ப்பேர்ப் பலகைக்கு எங்க போறது?

பதட்டத்துல கைலி வேற அவிழ்ந்துடுச்சு. அதை ஒரு கையால பிடிச்சேன். இதையெல்லாம் கேட்டுக்கிட்டு இருந்த கன்னியம்மா அக்கா வாயிலிருந்து பறியை எடுத்தாங்க.

"ஆந்திராவா? யாரு சொன்னது?"

"கம்ப்யூட்டர் சொல்லுதுக்கா."

"கம்ப்யூட்டர்ல இது ஆந்திரான்னு ஏறிச்சினா, நாளைக்கு அத்த காட்டி எங்கள எறங்க வாணான்னுவாங்க. பேஜாரா பூடும். போனைக் குடு இப்டி. இத்த புடி."

பறியை நீட்டினாங்க. போனைக் குடுத்துட்டு கைலியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அவங்க ஒரு பார்வை பார்த்துட்டு, கயிறை என் வாயில வச்சு, "கடிச்சிக்கோ"ன்னாங்க. கடிச்சுக்கிட்டேன்.

"இன்னாம்மா, நீ எங்க கீற?"

"நான் சென்னையில, ஆபீஸ்ல இருக்கேன்மா. நீங்க யாரு?"

"ஆபீஸ்ல எங்க?"

"பதினோராவது மாடி."

"பதினோராவது மாடில குந்திக்கினு எங்க ஏரி எந்த ஊருன்னு நீ சொல்றியா?"

"நான் சொல்லலைம்மா, சிஸ்டம் சொல்லுது."

"அந்த சிஸ்டத்த கூட்டிக்கினு வா. இடுப்பளவு தண்ணிதான்."

வாயில பறி இல்லாம இருந்திருந்தா விசில் அடிச்சிருப்பேன். ரெண்டு பக்க மெயில்ல என்னால சொல்ல முடியாததை அக்கா நாலு வரியில சொல்லிட்டாங்க.

ஹெச்.ஆர். மேடமும் லேசுப்பட்டவங்க இல்ல. "சரிம்மா, எல்லை எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"ஏன் தெரியாது? அதோ, சேப்பு துணி கட்டின கம்பு நட்டுக்கீது பாரு, அதுக்கு அந்தாண்டதான் ஆந்திரா. நாங்க இந்தாண்ட..."

அக்கா கை நீட்டின பக்கம் பார்த்தாங்க. நானும் பார்த்தேன். அங்க கம்பு இல்ல.

திரும்பிப் பார்த்தோம். கம்பு எங்களுக்குப் பின்னால, கரைப் பக்கமா ஒரு இருபது அடி தள்ளி நின்னுச்சு.

அக்கா போனை உள்ளங்கையால பொத்தினாங்க. என்னை முறைச்சாங்க.

"கோடு போடுறவருன்னு சொன்னாங்க. கோடு எங்கன்னு தெரியாமலா பின்னாலயே வந்த?"

"ம்ம்ம்"னேன். வேற என்ன சொல்ல முடியும்.

"இறாலு இந்தாண்ட வந்துச்சு, நானும் வந்துட்டேன். சரி, கம்முனு நட."

ரெண்டு பேரும் சத்தம் வராம தமிழ்நாட்டுக்கு நடந்தோம். தொழில்நுட்பத்து மேல பல வருஷமா நான் வச்ச விமர்சனம் எல்லாம் இருக்கட்டும். இன்னைக்கு அந்த ஏரியில ஒழுங்கா வேலை பார்த்தது அந்த ஆப் மட்டும்தான்.

கம்பைத் தாண்டி உள்ள வந்தாச்சு. ஆனா ஆப் அடுத்த தடவை பார்க்குறதுக்குள்ள பத்து மணி தாண்டிடும். மணி ஒன்பது ஐம்பது. அப்பதான் மாமனார் படகைத் தள்ளிக்கிட்டு வந்தாரு. இறால் வாங்கப் போன மருமகன் பாதி ஏரியைக் கடந்தா யாருக்குத்தான் கவலை வராது? அக்கா விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு யோசனை வந்துச்சு. படகோட பக்கவாட்டுல தமிழ்நாட்டுப் பதிவு எண் பெருசா பெயிண்ட்ல இருக்கு.

"கவர்மென்ட் எழுதினது மாப்ள. இதுக்கு மேல இன்னா சாட்சி வோணும்? பக்கத்துல நில்லு."

நின்னேன். அவரே போனை வாங்கிப் போட்டோ எடுத்து, நான் கண்ணால காட்டின பொத்தானை அமுக்கி அனுப்பினாரு.

மேடம் போட்டோவைத் திறந்து பார்த்தாங்க.

"சார், வாயில என்ன?"

"ம்ம்."

"சரி, அது இருக்கட்டும். இது படகு சார். படகு நகரும்."

மாமனார் என்னைப் பார்த்தாரு. மேடம் சொன்னதுல ஞாயம் இருக்குன்னு அவர் முகத்துலயே தெரிஞ்சது. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. அவ்வளவுதான், நாளைக்குக் காலைல முதல் பஸ்.

கன்னியம்மா அக்காதான் போனைத் திரும்பப் பிடுங்கினாங்க.

"இன்னாம்மா நீ, பொம்பளதான? வூட்ல எட்டு மாசப் புள்ளதாச்சி. அது இறாலு துன்னணும்னு ஆசப்பட்டுச்சுன்னு, நீச்சலு தெரியாத ஆளு ஏரில எறங்கிக்கிறாரு. அதப் போய் ஆந்திரா, படகுன்னுக்கினு."

அந்தரங்கம்னு நான் தடிச்ச எழுத்துல காப்பாத்தினது ஸ்பீக்கர்ல ஏரி முழுக்கக் கேட்டுச்சு. தூரத்துல ஒருத்தர் வலையை விட்டுட்டு நிமிர்ந்து பார்த்தாரு.

மேடம் குரல் மாறிடுச்சு. "எட்டு மாசமா? சார், இதை ஏன் சொல்லவே இல்ல? நிபந்தனையில பன்னெண்டாவது பக்கத்துல ஒரு கட்டம் இருக்குமே. 'குடும்பத்தில் மருத்துவக் காரணம்'னு. அதுல டிக் பண்ணியிருந்தா இந்த ஆப்பே வேண்டாம். நீங்க எந்த மாநிலத்துலயும் இருக்கலாம். நீங்க படிக்கலையா?"

எவ்வளவோ பதில் இருக்கு இந்தக் கேள்விக்கு. கௌரவமா ஏதாவது சொல்லணும்னு வாயைத் திறந்தேன்.

"மேடம், அது என் அந்தரங்க..."

பறி விழுந்துடுச்சு.

தலைகீழா விழுந்துச்சு. அக்கா காலைலருந்து தடவிச் சேர்த்த இறால் மொத்தமும் ஒரு நொடியில தண்ணிக்குள்ள போயிடுச்சு. நான் குனிஞ்சு பிடிக்கப் பார்த்தேன். கைலி போச்சு, ஒரு இறாலும் கிடைக்கலை. கைலியை மாமனார் துடுப்பால எடுத்துக் குடுத்தாரு.

அக்காகிட்ட மன்னிப்புக் கேட்டு, பறியில இருந்ததுக்கெல்லாம் காசு குடுக்குறேன்னு சொன்னேன். "மொதல்ல கைலிய கட்டு"ன்னாங்க. மேடம் அந்தப் பக்கம் சிரிப்பை அடக்கிக்கிட்டு, "டிக் நானே பண்ணிடுறேன் சார். ஆப்பை எடுத்துடுங்க. பதிமூணாவது பக்கத்துல அப்பாக்களுக்கு லீவும் இருக்கு, அதையாவது படிங்க"ன்னு சொல்லிப் போனை வச்சுட்டாங்க.

நான் இங்கதான் இருக்கப்போறேன், கவிதா பக்கத்துல. படகுல வர்ற வழியெல்லாம் அதையே நினைச்சு சிரிச்சுக்கிட்டு வந்தேன். மாமனார் அதை அதிர்ச்சின்னு நினைச்சு, அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கிட்டே வந்தாரு.

வீட்டு வாசல்ல கவிதா இடுப்புல கையை வச்சுக்கிட்டு நின்னா. சேத்துல முக்கி எடுத்த மாதிரி இருந்த என்னை மேலேருந்து கீழ வரைக்கும் பார்த்தா.

"நைனா, இவருக்கு இன்னா ஆச்சு?"

"கோடு அளந்துட்டு வந்துக்கிறாரு"ன்னுட்டு மாமனார் உள்ள போயிட்டாரு.

கவிதா என் பக்கம் திரும்பினா. "இறால் எங்க?"

"ஆந்திராவுக்குப் போயிடுச்சு. அதுங்களுக்கு எந்த ஆப்பும் இல்ல."