அர்த்தம் அண்ணையும் போர்மன் ஹேமிஷும்

அர்த்தம் அண்ணையிடம் பெயரைச் சொல்லிவிட்டுத் தப்பின ஆள் லண்டனில் கிடையாது. பல்லுப் பிடுங்கப் போன இடத்தில், வாயைத் திறக்கச் சொன்ன டொக்டரிடமே, "முதல் உங்கட பேருக்கு என்ன அர்த்தம், அதைச் சொல்லுங்கோ" என்றவர். ஒரு பஸ் கண்டக்டர் இவரைக் கண்டால் மேல்தட்டுக்கு ஏறிவிடுவார்.

எண்பதுகளில் தோர்ண்டன் ஹீத்தில் நாங்கள் ஒரே வீடு. வேலையும் ஒரே பிஸ்கட் பக்டரியில். எங்களை வேலை வாங்கும் போர்மன் ஹேமிஷ் ஸ்கொட்லாந்துத் தீவுக்காரன். "வேலையைப் பார்" என்பதைத் தவிர வேறு பேச்சு அவனிடம் கிடையாது. அண்ணை அவனிடமும் கேட்டார்.

"அது பேர். அவ்வளவுதான்."

அண்ணை விடவில்லை. கன்ரீனில் கேட்டார், கழிவறைக் கதவுக்கு வெளியே நின்றும் கேட்டார்.

"இன்னொருக்காக் கேட்டால் வேலை போகும்" என்றான் ஹேமிஷ்.

"அண்ணை, உங்கட அகதிக் கேஸும் முடியேல்லை. வேலையும் போனால் என்ன செய்வியள்?" என்றேன்.

"வேலை வேற எடுக்கலாம். அர்த்தம் தெரியாமல் எனக்கு நித்திரை வராது தம்பி."

அடுத்த நாளும் கேட்டார். மிளகாய்ப் பழம்போலச் சிவந்த ஹேமிஷ் அவரை ஒபிசுக்குள் இழுத்துக்கொண்டு போனான். ஆள் துலைந்தார் என்று நினைத்தோம். அவனோ தீவிலிருக்கும் தாய்க்குப் போன் எடுத்து, ரிசீவரை அண்ணையின் காதில் வைத்தான்.

அண்ணை துள்ளிக்கொண்டு வெளியே வந்தார். "விளி வேற்றுமையடா! அவங்கட பாசையில உண்மையான பேர் ஷேமஸ். பைபிளில வாற யாக்கோபுதான். குதிக்காலைப் பிடிச்சவன் எண்டு அர்த்தமாம். தாய் கூப்பிடேக்கை அது 'ஹேமிஷ்' எண்டு மாறும். நாங்கள் கந்தனைக் 'கந்தா' எண்டு கூப்பிடுறேல்லையே? அதைக் கேட்ட இங்கிலீசுக்காரன் அதுதான் பேர் எண்டு நினைச்சிட்டான்!"

அன்றிலிருந்து "ஹேமிஷ் வாறான்" என்று நாங்கள் சொன்னால் இலக்கணப் பிழை. ஒருநாள் மனேஜர் வந்து, "ஹேமிஷ் எங்கே?" என்றார்.

"அப்பிடி ஒருத்தரும் இல்லை" என்றார் அண்ணை. "கூப்பிட்டுப் பாருங்கோ, வருவான்."

மனேஜருக்குப் பின்னாலேயே நின்ற ஹேமிஷ் வாய்விட்டுச் சிரித்தான். அவனுக்கும் பல்லிருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

தாயோடு அவன் வருசக்கணக்காகக் கதைக்கவில்லை என்பதைப் பிறகுதான் சொன்னான். அந்தப் போனுக்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கதைத்தான். கோடையில் அந்தத் தாய் மனுசி லண்டனுக்கே வந்து, எங்கள் வீட்டில் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டது. அண்ணை தமிழிலும் மனுசி தன் பாசையிலும் பின்னேரம் முழுக்கக் கதைத்தார்கள். என்ன விளங்கியதோ, இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

தொண்ணூறுகளில் அண்ணை கனடாவின் ரொறன்ரோவுக்கே குடிபோனார். ஹேமிஷின் வான் வண்டியில்தான் எயார்போட்டுக்கு ஏற்றிப்போய் வழியனுப்பினோம். திரும்பி வரும்போது முதலில் அழுதது ஹேமிஷ்தான். வண்டியை ஓரமாக நிறுத்தினான். எங்களுக்கும் அது வசதியாக இருந்தது.