பாறைகாட்டியின் பரிசல்

பயணிகள் கரை சேர்வதைத் தன் சொந்த நஷ்டமாக நினைத்த பரிசல்காரர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். பிழைப்புக்காகக் கண்டி, பினாங்கு வரை போய் எத்தனையோ ஓடங்களில் ஏறியவன் சொல்கிறேன். குரங்கணிக்குக் கீழே ஆற்றில் பரிசல் போட்ட அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது. பாறைகாட்டி என்றால் போடி முழுக்கத் தெரியும்.

மழைக்காலத்தில் மட்டும்தான் அங்கே பரிசல் மிதக்கும். இரு கரையிலும் விசித்திரமான பாறைகள். துரைமார்களும் ஏலக்காய் வியாபாரிகளும் வேடிக்கை பார்க்க ஏறுவார்கள். படுத்த மாடு, கவிழ்த்த அண்டா, முகம் பார்த்துப் பேசாத ஓரகத்திகள் இருவர் என்று ஒவ்வொன்றாக நிறுத்திக் காட்டுவார். தெரிகிறது என்று தலையாட்டித் தப்பிக்க முடியாது. "அப்ப கொம்பு எந்தப் பக்கம் இருக்கு, சொல்லுங்க" என்று துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். அண்டாவைப் பானை என்று சொன்ன ஒரு துரைக்கு அன்று மதியச் சாப்பாடு கிடைக்கவில்லை.

நானும் வீரணனும் ஏலத்தோட்டத்துக் கூலிகள். மலைக்காய்ச்சல் கண்டவனைத் தோட்டத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். எனக்கு விட்டு விட்டுக் குளிர் வந்தது. வீரணனுக்கு விடவே இல்லை. போடி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் பிழைப்பான். மழையில் வண்டிப்பாதை அறுந்து கிடந்ததால் பாறைகாட்டியை விட்டால் வேறு வழியில்லை.

"அண்ணே, வெரசா விடுங்க. ஆளு தாங்க மாட்டான்."

"தாங்காதவனுக்குத்தான் மொதல்ல காட்டணும். மாப்ளே, இந்தா பாரு மாடு. தெரியுதா?"

வீரணன் கண்ணைத் திறந்தான். "தெரியுது. கன்னுக்குட்டிய எங்க காணோம்?"

அத்தனை வருஷத்தில் அவரிடம் கன்றை விசாரித்த பயணி யாரும் இல்லை. "மேயப் போயிருக்கும்ப்பா" என்றார்.

ஓரகத்திகள் வந்தார்கள். வீரணன் வெகுநேரம் பார்த்தான். "எளையவ மேலதான் தப்பு" என்றான்.

"நானும் அதைத்தான் நெனச்சேன்."

"அண்ணே, அந்தப் பஞ்சாயத்தை அப்புறம் வச்சுக்கலாம். துடுப்பைப் போடுங்க" என்றேன்.

"ஒனக்கு ஒரு எழவும் தெரியல. சும்மா வா அப்பு. மாப்ள பாக்குறான்ல."

அப்போதுதான் கவனித்தேன். அன்று எந்தப் பாறைக்கும் பரிசல் நிற்கவில்லை. வாய்தான் நின்று நின்று பேசியது. கை ஓயாமல் துடுப்புப் போட்டது.

பிறகு வீரணன் பதில் சொல்லவில்லை. பாறைகாட்டி கேள்வியும் கேட்டு, பதிலையும் தானே சொல்லிக்கொண்டு வந்தார். "கொட புடிச்ச கங்காணி. தெரியுதா மாப்ளே? தெரியுதுங்கிறான்." எனக்கும் குளிர் ஏறி, கண் சொருகியது. சொருகும்போதெல்லாம் துடுப்பால் என் காலில் தட்டினார். "நீயும் பாரு."

போடிக் கரையில் இறங்கி வீரணனைத் தூக்கக் குனிந்தேன்.

"மெதுவா, அப்பு. ஓரகத்திகளத் தாண்டினதுமே அவன் போயிட்டான்."

"அப்புறம் யாருக்குங்க இவ்வளவு நேரம் காட்டினீக?"

முகத்தைத் துண்டால் துடைத்தார். "நீயும் கண்ண மூடிக்கிட்டே வந்தே. ரெண்டு பேர நான் ஒருத்தன் எப்பிடித் தூக்குறது?"

வீரணனைத் தோளில் போட்டுக்கொண்டார். இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கட்டாமல் விட்ட பரிசல் வெள்ளத்தில் நகர்ந்தது.

"அண்ணே, பரிசல் போகுது."

"போகட்டும்" என்றார், திரும்பிப் பார்க்காமல். ஆஸ்பத்திரி வாசல் வரை அந்தப் பிடி தளரவில்லை.