கோட்டு பாயும் வெட்டாத விலைச்சீட்டும்

திருத்தணியில் முருகனுக்கு அடுத்தபடியாக விதவிதமாக அலங்காரம் செய்துகொண்டவர் எங்கள் கோட்டு பாய்தான். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பைக் மெக்கானிக். அவருடைய சொந்தப் பெயர் கடைப் பலகையில் எண்ணெய்க் கறைக்கு அடியில் எங்கேயோ இருந்தது. யாரும் தேடியதில்லை.

நாற்பதைத் தாண்டிய பிரம்மச்சாரி. வேலை ஓய்ந்தால் கைப்பேசியில் கோட்டு தேடுவார். சாதாரணக் கோட்டு இல்லை. வெல்வெட், லினன், இத்தாலி என்று பேரைச் சொன்னாலே சென்ட் மணக்கும் ரகம். பார்சல் வந்துவிட்டால் கடை ஸ்தம்பிக்கும். பாதி பிரித்த என்ஜினோடு வாடிக்கையாளர் நிற்க, பாய் மண்ணெண்ணெயில் கை கழுவி, சோப்புத்தூளில் கழுவி, அப்புறமும் நம்பிக்கை வராமல் இரண்டு கையிலும் புது சாக்ஸை மாட்டிக்கொண்டுதான் பெட்டியைத் திறப்பார்.

கடையில் ஆளுயரக் கண்ணாடி கிடையாது. நிற்கிற பைக்குகளின் பக்கக் கண்ணாடிகளைத் திருப்பி வைத்து, ஒன்றில் தோள், ஒன்றில் பொத்தான், ஒன்றில் தாடி என்று தவணை முறையில் தன்னைப் பார்த்துக்கொள்வார். தெருவே கைதட்டும். உடனே அவர் முகம் சுருங்கிவிடும்.

"நல்லாத்தான் கீது. நமக்குத்தான் இல்ல."

மடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் எந்தக் கோட்டின் விலைச்சீட்டையும் அவர் வெட்டியதில்லை.

டெலிவரிக்கு வரும் கே.ஜி.கண்டிகைக்காரர் அழாத குறை. "கொண்டாந்து குடுக்கறேன், மறுபடி எட்த்துகினு போறேன். இந்தக் கோட்டுங்களுக்கு உன்னவிட என்னத்தான் நல்லா தெரியும். ஒண்ணையாவது வெச்சிக்கோ பாய்!"

போன கோடையில் அரக்கோணத்தில் பெண் பார்க்க ஏற்பாடாயிற்று. துணைக்கு நான். மெரூன் வெல்வெட் கோட்டில் பாய் மின்சார ரயிலில் ஏறியதும், டிக்கெட் பரிசோதகர் என்று நினைத்து இரண்டு பேர் இறங்கியே போய்விட்டார்கள். வேர்வையில் பாய் கரைந்துகொண்டிருந்தார்.

"கழட்டிடுங்க பாய்" என்றேன்.

"வேணாங்க. உள்ள நான் மட்டும்தான் கீறேன்."

பெண் மழலையர் பள்ளி ஆசிரியை. டீயை வைத்துவிட்டு நிமிர்ந்தவர், பாயின் கழுத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த அட்டையைக் கண்டுவிட்டார்.

"இன்னாங்க அது, வெலச்சீட்டு தொங்குது?"

பாய்க்குப் பொய் வராது. "புடிக்கலன்னா திருப்பி அனுப்பணும்ல, அதுக்குங்க."

"யாருக்குப் புடிக்கலன்னா?"

"உங்களுக்குத்தாங்க. நீங்க வேணாம்னுட்டா, எனக்கு எதுக்குங்க கோட்டு?"

பெண்ணின் அண்ணன் இருமினார். பெண் விறுவிறுவென்று உள்ளே போனார். கதை முடிந்தது என்று நான் கண்ணாலேயே என் செருப்பைத் தேட ஆரம்பித்தேன்.

திரும்பி வந்தபோது அவர் கையில் கத்தரிக்கோல் இருந்தது. அதை பாய் முன்னால் வைத்தார்.

"அந்தச் சீட்ட வெட்டிடுங்க. அப்பறம் கோட்ட கழட்டிட்டு டீ குடிங்க. வேர்த்து ஊத்துது பாருங்க."

எந்த நட்டுக்கும் அசராத பாய், கழுத்துக்குப் பின்னால் கத்தரிக்கோலை விட்டு இரண்டு தடவை கத்தரித்தும் காற்றுதான் அகப்பட்டது. கடைசியில் அண்ணன்தான் வெட்டினார்.

நிக்காஹ் நடந்து ஒரு வருடம் ஆகப் போகிறது. கண்டிகைக்காரர் இப்போது பார்சல் கொடுக்க மட்டும்தான் வருகிறார்.

எனக்குச் சென்னையில் வேலை. வீட்டுக்கு எதிரிலேயே மெக்கானிக் கடை இருக்கிறது. இருந்தாலும் அவ்வப்போது திருத்தணி வரை பைக்கை ஓட்டிக்கொண்டு போய் பாயிடம் விடுகிறேன். அதில் ஒரு கோளாறும் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.