சைபருக்குக் கீழே நாலு றாத்தல்

வெலிமடைக்கு மேலே, மேகம் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்துக் கூரையில் உட்கார்ந்து இளைப்பாறிப் போகிற உயரத்தில் இருந்தது நீலக்கல் தேயிலைத் தோட்டம். 1912ஆம் வருஷம் மாசி மாதம் அந்தத் தோட்டத்து ஆபீசுக்குக் கொழும்பிலிருந்து மூன்று அரக்கு முத்திரை வைத்த கடிதம் ஒன்று வந்தது. ஒரு முத்திரை இருந்தால் படிக்க வேண்டும், மூன்று இருந்தால் பயப்பட வேண்டும் என்பது ஆபீசு வழக்கம். ஆகையால் பெரிய கிளாக்கர் ராமாமிர்தம் முதலில் முறைப்படி பயந்துவிட்டுப் பிறகு பிரித்துப் படித்தார்.

கம்பனி டைரக்டர் ஒருவர் சீமையிலிருந்து வருகிறார். தோட்டத்து ஓடையில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டிருந்த ட்ரவுட் மீனை, பொய்ப்பூச்சி கட்டிய தூண்டிலை வீசிப் பிடிப்பதில் அவருக்கு அளவுகடந்த ஈடுபாடு. ஓடை சிறியது, ஆகவே தடி இலேசாக இருத்தல் அவசியம். இத்துடன் வரும் மூன்று தடிகளுள் மிக இலேசானதைத் தக்க முறையில் தெரிவு செய்து, நிறையைக் குறிப்பிட்டு அறிக்கை அனுப்புக.

தோட்டத்து மானேஜரான பெரிய தொரைக்கு மான் சுடத் தெரியும், மீன் தெரியாது. "நிறைதானே கேக்கறான்? கொழுந்து மடுவத்துல தராசு இருக்கு. போய் நிறு" என்று கடிதத்தைத் திருப்பித் தள்ளிவிட்டார்.

ராமாமிர்தமும் மீனைக் குழம்பில் மட்டுமே சந்தித்தவர். ஆனால் இருபத்திரண்டு வருஷ சேவையில் விதியை மீறினார் என்று அவர்மேல் ஒரு சொல் கிடையாது. அந்தத் தைரியத்தில் மூன்று தடிகளையும் தூக்கிக்கொண்டு, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போனார்.

சாயங்காலம். கொழுந்துக் கூடைகளோடு பெண்கள் வரிசையாக நின்றார்கள். முதல் தடியைத் தராசுக் கொக்கியில் மாட்டினார்கள். முள் அசையவில்லை.

"சைபருங்க" என்றார் நல்லையா கங்காணி.

"அவசரப்படாதீங்க. கழிவு போடணும்."

நீலக்கல்லில் தராசில் ஏறுகிற எதற்கும் நாலு றாத்தல் கழிவு. கூடைக்கு இரண்டு, ஈரத்துக்கு இரண்டு.

"இதுல கூடையே இல்லீங்களே ஐயா?"

"கொழுந்தைச் சாக்குல கொட்டி நிறுத்தாலும் கூடைக்குக் கழிக்கிறோமா, இல்லையா?"

"கழிக்கிறோமுங்க."

"மழையே இல்லாத நாள்ல ஈரத்துக்குக் கழிக்கிறோமா?"

"கழிக்கிறோமுங்க."

"அப்ப இது கூடைக்கும் ஈரத்துக்கும் உள்ள கழிவு இல்ல. தராசுக்கு உள்ள கழிவு. சைபருக்குக் கீழே நாலு றாத்தல்."

அப்படியே எழுதினார். இரண்டாவது தடியும் சைபருக்குக் கீழே நாலு. மூன்றாவதும் அதே. மூன்றுமே மிக இலேசானவை என்று எழுதினால் கொழும்பில் என்ன சொல்வார்கள்? ராமாமிர்தம் மூன்று தடிகளையும் மாற்றி மாற்றிக் கொக்கியில் மாட்டினார்.

"ஐயா, கூடையோட நின்னு கழுத்து போகுது" என்றாள் வரிசையில் முதலாவதாக நின்ற இராக்கம்மா. "அந்தக் கம்பைக் குடுங்க, நான் சொல்றேன்."

அவர் பதில் சொல்வதற்குள் கூடையை இறக்கிவிட்டு முதல் தடியை வாங்கி வீசினாள். நுனி தகரக் கூரையில் போய் மாட்டியது.

"ரொம்ப நீளமுங்க. ஓடை மேல ரெண்டு பக்கமும் காடு கவிஞ்சு கெடக்கு. இத வச்சு மரத்தைத்தான் புடிக்கலாம்."

இரண்டாவது தடி குட்டை. ஆனால் தலைக்கனம். "நாளு பூரா வீசுனா மணிக்கட்டு விட்டுப்போகும்."

மூன்றாவது ஏழடித் தடி. அதைக் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒற்றை விரலில் வைத்துப் பார்த்தாள், சாயாமல் நின்றது. மெல்ல ஒரு சுண்டு சுண்டினாள். நுனி மட்டும் வளைந்து நிமிர்ந்தது.

"இதாங்க. கையில இருக்கறதே தெரியல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"காலையிலேருந்து கொழுந்து பறிக்கிற கைக்குக் கனம் தெரியாதுங்களா?"

"துறை நிபுணர் ஒருவரின் நேரடிப் பரீட்சையின் பேரில்" என்று ராமாமிர்தம் அறிக்கையை ஆரம்பித்தார். அதன் பிறகு துறை நிபுணரின் கொழுந்தை நிறுத்தார். இருபது றாத்தல், கழிவு போகப் பதினாறு. பதினாறு இருந்தால் முழுப்பேர், ஒரு நாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர்.

டைரக்டர் வந்தார். ஏழடித் தடியால் ஐந்து மீன் பிடித்தார். சந்தோஷம் தாங்காமல், தடியைத் தெரிவு செய்த அறிக்கையை வாங்கி மடுவத்தில் நின்றபடியே படித்தார்.

"சைபருக்குக் கீழே நாலு றாத்தலா? கையை விட்டால் ஆகாயத்துக்கல்லவா போய்விடும்!"

ராமாமிர்தம் விதியை விளக்கினார். டைரக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்ததால் தொரை சிரித்தார். தொரை சிரித்ததால் ராமாமிர்தம் சிரித்தார். வரிசையில் நின்ற பெண்கள் மட்டும் யாருக்காகவும் இல்லாமல் சிரித்தார்கள். "இது பெரிய அநியாயம், கொழும்புக்குப் போனதும் சரி செய்கிறேன்" என்று டைரக்டர் வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

வாக்குத் தவறவில்லை. அடுத்த மாதமே சுற்றறிக்கை வந்தது. ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் ராமாமிர்தம் உரக்க வாசித்தார்: "தராசுக் கழிவில் நேர்ந்த தவறு கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. இன்று முதல் தூண்டில் தடிக்குக் கழிவு கிடையாது. ஏனையவை முன்போல."

பெண்கள் கூடைகளை மாட்டிக்கொண்டார்கள். மலைக்கு ஏறிப் போனார்கள்.

அன்று சாயங்காலம் இராக்கம்மா ஒரு மூங்கில் குச்சியோடு வந்தாள். அதன் நுனியில் கொழுந்துச் சாக்கு கட்டித் தொங்கியது.

"என்ன இது?"

"தூண்டில் தடிங்க."

"தொங்கறது?"

"தூண்டில்ல மாட்டுனதுங்க."

ராமாமிர்தம் சுற்றறிக்கையை எடுத்து மூன்று தரம் படித்தார். தடி மூங்கிலாக இருக்கக் கூடாது என்று இல்லை. அதில் இன்னதுதான் மாட்ட வேண்டும் என்றும் இல்லை. கங்காணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, விதி அவருக்குப் பிடித்த பக்கம் விழுந்திருந்தது. இருபது றாத்தல் என்று அழுத்தி எழுதினார். பேனா முனை வளைந்துவிட்டது.

ஒரு வாரத்தில் இருநூறு பெண்களும் மூங்கிலோடு வந்தார்கள்.

வைகாசியில் மறுபடியும் மூன்று முத்திரை. நீலக்கல் தோட்டத்தில் ஆளுக்கு நாலு றாத்தல் கொழுந்து கூடியிருப்பது கண்டு டைரக்டர் பெருமகிழ்ச்சி அடைந்தாராம். இந்த முன்னேற்றத்தை நிரந்தரமாக்கும் பொருட்டு, முழுப்பேருக்கு இனி இருபது றாத்தல். முன்னேற்றத்துக்குக் காரணம் தூண்டில் தடி என்று தெரிவதால், தடி இல்லாதவர் கொழுந்து நிறுக்கப்பட மாட்டாது. தடி ஏழடி இருத்தல் வேண்டும். தினமும் ஒவ்வொரு தடியையும் பெரிய கிளாக்கர் அளக்க, பெரிய தொரை நேரில் வந்து ஒப்பமிடுதல் வேண்டும்.

அன்று மாலை தொரை மான் வேட்டையை விட்டுவிட்டு மடுவத்தில் வந்து உட்கார்ந்தார். ராமாமிர்தம் அளவு நாடாவோடு நின்றார். இராக்கம்மா எப்போதும் போல இருபது றாத்தல் பறித்து, எப்போதும் போல ஒரு முழுப்பேர் வாங்கினாள். கூடுதலாக ஒரு மூங்கிலைச் சுமந்து வந்திருந்தாள், அவ்வளவுதான்.

"அந்தச் சீமைத் தொரைக்கு மெய்யாவே நல்லா மீன் புடிக்கத் தெரியுது, கங்காணி" என்றாள்.

ராமாமிர்தத்துக்கு அது காதில் விழுந்தது. தலையை நிமிர்த்தாமல் அவளுடைய மூங்கிலை அளந்தார்.

"அரை அங்குலம் குறையுது இராக்கம்மா. நாளைக்கு வேற கொண்டு வா."